பூந்தொட்டிக்கு அடியில் ஒரு பாம்பு வீடு

திருப்போரூர்ப் பக்கம் பாம்பு பார்க்க வேண்டுமென்றால் யாரைக் கேட்டாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையைத்தான் கை காட்டுவார்கள். அங்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் வாய் கட்டிய மண்பானைகளில் காத்திருக்கும். வெளியே வரும், குப்பியின் வாயைக் கடிக்கும், விஷத்தைக் கொடுத்துவிட்டுப் பானைக்குத் திரும்பும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

அதெல்லாம் மேடைக் கச்சேரி. வாங்க, நாம் மேடைக்குப் பின்னால் போவோம். டிக்கெட் கிடையாது. ஒரு மழை பெய்து ஓய்ந்ததும், கொல்லையில் ரொம்ப நாளாக நகர்த்தாத ரோஜாத் தொட்டியை மெல்லத் தூக்குங்கள்.

அதோ! ஈர மண்ணில் கருப்பாக ஒன்று நெளிகிறதே, பார்த்தீர்களா? மண்புழு என்று விட்டுவிடாதீர்கள். மண்புழுவுக்கு உடம்பெல்லாம் வளையம். இதற்குப் பளபளவென்று செதில். அட, நாக்கைக்கூட நீட்டுகிறது! அசல் பாம்புதான். பெயர் புழுப்பாம்பு. ஒரு சாணைத் தாண்டாது.

தலை எது, வால் எது என்று குழம்புகிறதா? நியாயம்தான், இரண்டு முனையும் மொண்ணை. இன்னும் கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு முனையில் செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகள்: அவைதான் கண்கள். வெளிச்சமா இருட்டா என்று தெரிந்தால் போதும் அதற்கு. மறுமுனையில் குட்டியாக ஒரு முள். அதை மண்ணில் ஊன்றித்தான் உந்தி நகர்கிறது. கையில் எடுத்தால் அந்த முள்ளால் குத்திப் பார்க்கும். விஷமா? துளிகூடக் கிடையாது.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். இதைக் கண்டு நடுங்குவது எறும்புப் படை மட்டும்தான். எறும்பு முட்டையும் புழுவும் கரையானும்தான் சாப்பாடு. கரையான் தலை சீக்கிரம் செரிக்காது. அதனால் பல சமயம் தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு உடம்பை மட்டும் விழுங்குகிறது. என்ன நாசூக்கு!

பெரிய ரகசியம் இனிமேல்தான். இந்த இனத்தில் ஆணே கிடையாது, அத்தனையும் பெண். மற்ற பாம்புகளுக்கு இரட்டையாக இருக்கும் குரோமோசோம் தொகுதி இதற்கு மூன்றாக இருக்கிறது. துணை தேடாமல் தானே முட்டையிட்டு, தன்னையே அச்செடுத்ததுபோல் மகள்களைப் பெறுகிறது. அதனால்தான் ஒரே ஒரு பாம்பு செடி மண்ணோடு கப்பலேறினாலும் போதும், போன இடத்தில் ஒரு குடும்பமே உருவாகிவிடுகிறது. நிலப்பாம்பே இல்லாத ஹவாயில்கூடப் பூந்தொட்டியில் போய்க் குடியேறிவிட்டாள் நம்மூர்க்காரி. அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இன்று வீடு இருக்கிறது. உலகத்தில் இவ்வளவு பரவலான நிலப்பாம்பு வேறில்லை.

இவளைப் பதிவு செய்தவரைக் கேட்டால் இன்னும் சிரிப்பு வரும். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளர் பாட்ரிக் ரஸ்ஸல் விசாகப்பட்டினத்தில் பார்த்த பாம்பு இது. 1796-இல் வெளிவந்த அவருடைய நூலை வைத்து, 1803-இல் பிரான்சின் தோதேன் அறிவியல் பெயர் சூட்டினார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் பெயர் கொடுத்திருப்பவரும் அதே ரஸ்ஸல்தான். மண்பானை நட்சத்திரத்துக்கும் பூந்தொட்டிக்காரிக்கும் ஒரே புரவலர்!

சொந்தபந்தமும் உண்டு. ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலும் வடமேற்கு இந்தியாவிலும் மண்ணுக்குள் வாழும் நூல்பாம்புகள் தூரத்து உறவு. அவற்றுக்குப் பல் கீழ்த்தாடையில் மட்டும். இவளுக்கு மேல்தாடையில் மட்டும். உலகின் மிகச் சிறிய பாம்பும் அந்த நூல்பாம்புக் கூட்டம்தான்: பார்படோஸ் தீவில் வாழ்கிறது, 2008-இல் அறிவிக்கப்பட்டது, நீளம் சுமார் 10 சென்டிமீட்டர்.

மழைக்காலத்தில் மண்ணுக்குள் தண்ணீர் புகுந்தால் இவள் குளியலறைக்கும் வரலாம். காதுக்குள் புகுந்துவிடும் என்று சிலர் பயந்து உப்பையும் மண்ணெண்ணெயையும் கொட்டுகிறார்கள். வேண்டாம். என்ன பாம்பு என்று சந்தேகம் இருந்தால் கை வைக்காதீர்கள், விரியன் குட்டியும் சின்னதாகத்தான் இருக்கும். புழுப்பாம்புதான் என்று தெரிந்தால் ஒரு காகிதத்தில் ஏந்தித் தோட்டத்து மண்ணில் விட்டுவிடுங்கள். கரையானைத் தின்ன வீட்டுக்கே வந்தவளைக் கொல்வது நமக்குத்தான் நஷ்டம்.