மேடைக்குப் பின்னால் நிற்கும் அக்கா



மகளிர் தினம், ஆண்டு விழா என்றால் நம் குழுக்களில் நாடகம் இல்லாமல் இருக்காது. குடி, வரதட்சணை, கந்துவட்டி என்று நம் வீட்டுக் கதையையே மேடையில் பேசுகிறோம். ஆனால் பல நேரம் என்ன நடக்கிறது? கடன் பத்திரத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் பத்திரம் இருக்காது. மைக் கத்தும். மாமியார் வேஷக்காரர் இன்னும் சேலை மாற்றிக்கொண்டு இருப்பார். கூட்டம் சிரிக்கும். முதல் தடவை மேடை ஏறிய பெண், "இனிமே என்னைக் கூப்பிடாதீங்கக்கா" என்று சொல்லிவிடுவாள். மாதக்கணக்கில் குழுவில் பேசிப் பழகி வந்த தைரியம் பத்து நிமிடத்தில் போய்விடும்.

இதைத் தடுக்க ஒரு ஆள் வேண்டும். அவர்தான் மேடை நிர்வாகி. ஸ்டேஜ் மேனேஜர் என்றும் சொல்வார்கள். அவர் நடிக்க மாட்டார். ஆனால் திரை ஏறுவது முதல் இறங்குவது வரை எல்லாம் அவர் கையில்.

நம் ஊருக்குப் புதிதல்ல

தெருக்கூத்தில் கட்டியங்காரனைப் பார்த்திருப்பீர்கள். யார் வருகிறார் என்று சொல்வார். வேஷம் முடியவில்லை என்றால் பேசியே சமாளிப்பார். மேடை நாடகத்தில் அந்தப் பொறுப்பில் பாதி திரைக்குப் பின்னால் போய்விட்டது.

தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் நம் புதுச்சேரியில்தான் காலமானார். அவர் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. 1918-ல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து நாடக சபை தொடங்கி, பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்துப் பழக்கினார். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் நூறு வருஷத்துக்கு முன்பே பெண்களை வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். ஆண் வேஷமும் பெண்களே போட்டார்கள். கம்பெனியே நடத்திய பெண்கள் இருந்த ஊரில் ஒரு மேடையை நம்மால் நடத்த முடியாதா?

என்னென்ன செய்ய வேண்டும்?

1. நோட்டு: நாடகம் முழுவதையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில் யார் எந்தப் பக்கமிருந்து வருவார், எப்போது பாட்டு, எப்போது விளக்கு என்று குறியுங்கள். ஒத்திகையில் ஏதாவது மாறினால் அன்றே திருத்துங்கள். நம் தீர்மான நோட்டு மாதிரிதான்.

2. சாமான் மேஜை: குடம், பத்திரம், சாராய பாட்டில் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுங்கள். மேஜையில் ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பெயர் எழுதுங்கள். கட்டம் காலியாக இருந்தால் எது குறைகிறது என்று உடனே தெரியும். எடுத்தவரே திரும்ப வைக்க வேண்டும்.

3. நேரம்: அரை மணி, கால் மணி, ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லோருக்கும் சொல்லுங்கள். கேட்டவர் "சரிக்கா" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் நேரில் போய்ப் பாருங்கள்.

4. சைகை: பாட்டு போடுபவருக்கும் விளக்கு போடுபவருக்கும் முதலில் "தயாரா இரு", பிறகு "போடு". இரண்டே வார்த்தை. அதையும் ஒருவர்தான் சொல்ல வேண்டும். நாலு பேர் கத்தினால் குழப்பம்தான்.

5. இடம்: நாற்காலி, கட்டில் வைக்கும் இடத்தைத் தரையில் ஒட்டும் நாடாவால் குறித்து வையுங்கள். இருட்டில் தூக்கி வைப்பவர் தடுமாற மாட்டார்.

உயிர் முக்கியம்

இது எல்லாவற்றுக்கும் மேலே. சூடான விளக்குப் பக்கத்தில் திரைத்துணி, சேலை கூடாது. தோல் உரிந்த ஒயரைத் தொடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். ஈரத் தரையில் ஒயர் கிடக்கக் கூடாது. மழை பிடித்தால் முதலில் மெயினை அணைக்கச் சொல்லுங்கள். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். மின்சாரத்தில் பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெளியே போகும் வழியில் நாற்காலி போட விடாதீர்கள். ஆபத்து என்று தெரிந்தால் நாடகத்தை நிறுத்தும் அதிகாரம் மேடை நிர்வாகிக்கு உண்டு. தலைவரே முன்வரிசையில் இருந்தாலும் நிறுத்தலாம்.

யாரைப் போடலாம்?

"எனக்கு நடிக்க வெட்கமா இருக்கு" என்று ஒதுங்கும் சகோதரி ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார். சேமிப்பைப் பைசா சுத்தமாக எழுதுபவரும் அவராகவே இருக்கலாம். அவரிடம் இந்த நோட்டைக் கொடுங்கள். அடுத்த நாடகத்துக்கு இப்போதே அவர் பெயரைத் தீர்மானத்தில் எழுதுங்கள்.

நாடகம் முடிந்ததும் நடித்தவர்களோடு அவரையும் மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டுங்கள். மறந்துவிடாதீர்கள்!