27 மாணவர்களின் கோரிக்கை உலக நீதிமன்றத்தை எட்டியது எப்படி? ஒரு விளக்கம்

பருவநிலை மாற்றத்தால் ஏற்படும் பாதிப்பைத் தடுக்க நடவடிக்கை எடுப்பது நாடுகளின் சட்டப்பூர்வக் கடமை என நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று ஒருமனதாகக் கருத்துத் தெரிவித்தது. பசிபிக் தீவுகளைச் சேர்ந்த 27 சட்ட மாணவர்கள் 2019ஆம் ஆண்டில் முன்வைத்த கோரிக்கையே இதற்கு வித்திட்டது. பண பலமோ படை பலமோ இல்லாத ஒரு சிறு குழு உலகக் கொள்கை விவாதத்தில் இடம்பெற்ற விதம் கவனிக்கத்தக்கது.

கோரிக்கை எங்கே தொடங்கியது?

வனுவாட்டு, எண்பதுக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு. அதன் மக்கள்தொகை சுமார் 3 லட்சம். இந்தியாவின் பல மாவட்டங்களைவிட மிகக் குறைவு. உலகப் பசுமை இல்ல வாயு உமிழ்வில் அதன் பங்கு மிகச் சொற்பம். ஆயினும் கடல்மட்ட உயர்வும் கடும் புயல்களும் அந்நாட்டை அச்சுறுத்துகின்றன. 2023 மார்ச் தொடக்கத்தில் சில நாள்கள் இடைவெளியில் ஜூடி, கெவின் என்ற இரு புயல்கள் அங்கு அடுத்தடுத்துத் தாக்கின.

அதன் தலைநகர் போர்ட் விலாவில் உள்ள தெற்கு பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் பயின்ற மாணவர்கள், பருவநிலைப் பிரச்சினைக்குச் சட்ட வழித் தீர்வு தேடும் வகுப்புப் பயிற்சியின்போது இந்த யோசனையை உருவாக்கினர். பின்னர் ஓர் அமைப்பாகத் திரண்டு, பசிபிக் தீவு நாடுகளின் அரசுகளுக்குக் கடிதம் எழுதினர். வனுவாட்டு அரசு கோரிக்கையை ஏற்றது.

ஆலோசனைக் கருத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

தனிமனிதர்களோ அமைப்புகளோ சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது. ஒரு நாடு மற்றொரு நாட்டின் மீது வழக்குத் தொடுக்க வேண்டுமானாலும், நீதிமன்றத்தின் அதிகாரத்தை இரு நாடுகளும் ஏற்றிருக்க வேண்டும். ஆனால், சட்டக் கேள்வி ஒன்றின் மீது ஆலோசனைக் கருத்து கோரும் உரிமை ஐ.நா. பொதுச்சபைக்கு உண்டு. அங்கே ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே வாக்கு. எந்த நாட்டுக்கும் வீட்டோ அதிகாரம் இல்லை. சிறிய நாடும் பெரிய நாடும் சம எடை பெறும் இந்த வழியையே மாணவர்கள் தேர்ந்தெடுத்தனர்.

இதே வழியில் செல்லப்போவதாக மற்றொரு பசிபிக் தீவு நாடான பலாவ் 2011ஆம் ஆண்டில் அறிவித்தது. அம்முயற்சிக்குப் போதிய ஆதரவு திரளவில்லை. எனவே வனுவாட்டு முதலில் ஆதரவு திரட்டுவதில் கவனம் செலுத்தியது. வெவ்வேறு கண்டங்களைச் சேர்ந்த 18 நாடுகள் இணைந்து தீர்மான வரைவைத் தயாரித்தன. வங்கதேசம், வியட்நாம், உகாண்டா ஆகியவற்றுடன் ஜெர்மனியும் அக்குழுவில் இருந்தது.

கேள்விகளும் இரண்டாகச் சுருக்கப்பட்டன. பருவநிலையைக் காப்பதில் நாடுகளின் கடமைகள் யாவை? அவற்றை மீறித் தீங்கு விளைவித்தால் சட்ட விளைவுகள் யாவை? எந்த நாட்டின் பெயரும் குற்றம் சாட்டப்படவில்லை. 132 நாடுகள் இணைந்து முன்மொழிந்த தீர்மானம், 2023 மார்ச் 29 அன்று வாக்கெடுப்பின்றி நிறைவேறியது.

இந்தியா முன்வைத்த வாதம் என்ன?

2024 டிசம்பரில் நடந்த விசாரணையில் 96 நாடுகளும் 11 சர்வதேச அமைப்புகளும் வாதங்களை முன்வைத்தன. பாதிப்பை அதிகம் ஏற்படுத்திய வளர்ந்த நாடுகளே அதிகப் பொறுப்பேற்க வேண்டும் என இந்தியா வலியுறுத்தியது. ஏற்கெனவே உள்ள பருவநிலை ஒப்பந்தங்களுக்கு அப்பால் புதிய கடமைகளை நீதிமன்றம் உருவாக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டது. இந்திய நீதிபதி தல்வீர் பண்டாரியும் நீதிமன்ற அமர்வில் இடம்பெற்றிருந்தார்.

நீதிமன்றம் கூறியது என்ன?

பருவநிலை ஒப்பந்தங்களுடன், வழக்காற்றுச் சர்வதேசச் சட்டமும் நாடுகளைக் கட்டுப்படுத்தும் என நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. புதைபடிவ எரிபொருள் உற்பத்திக்கு உரிமம் வழங்குவது, மானியம் அளிப்பது உள்ளிட்டவற்றில் உரிய நடவடிக்கை எடுக்கத் தவறுவது சர்வதேசச் சட்ட மீறலாகக் கருதப்படலாம். கடமை மீறலுக்கும் ஏற்பட்ட சேதத்துக்கும் போதிய தொடர்பு நிறுவப்பட்டால், பாதிக்கப்பட்ட நாடு இழப்பீடு கோரவும் இடமுண்டு.

எனினும் ஆலோசனைக் கருத்து நாடுகளைக் கட்டாயப்படுத்தாது. அதனால் உமிழ்வு உடனே குறைந்துவிடாது. வனுவாட்டுக் கரைகளை நெருங்கும் கடலும் பின்வாங்காது. ஆனால் உள்நாட்டு நீதிமன்றங்களிலும் பருவநிலைப் பேச்சுவார்த்தைகளிலும் மேற்கோள் காட்டத்தக்க சட்ட ஆதாரம் பாதிக்கப்பட்டோருக்குக் கிடைத்துள்ளது.

சிறு சமூகங்களுக்கு இதிலுள்ள பாடம் என்ன?

தங்கள் குரல் எந்த மன்றத்தில் சம மதிப்புப் பெறும் என்பதை மாணவர்கள் முதலில் கண்டறிந்தனர். பரந்த குறையைத் தெளிவான சட்டக் கேள்வியாக மாற்றினர். தங்களுக்காகப் பேச ஓர் அரசை இணங்கச் செய்தனர். அந்த அரசு பிற அரசுகளை இணைத்தது. வகுப்பறை யோசனை நீதிமன்றக் கருத்தாக உருப்பெற 6 ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலமும் கோரிக்கையைக் கைவிடாமல் தொடர்ந்ததே, சிறு தீவின் கேள்விக்கு உலக நாடுகளைப் பதிலளிக்க வைத்தது.