மாத்திரை அட்டையைப் புரட்டிப் பாருங்கள்

செஞ்சி வட்டாரக் காலனிகளில் மாத்திரையைப் பாதியாக ஒடித்துப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. முப்பது நாள் மாத்திரையை அறுபது நாளைக்கு இழுக்கும் சிக்கனம் இது. "தலை சுத்துனா மட்டும் போட்டுக்குவேன்" என்பவர்களும் உண்டு. சர்க்கரையிடமும் இரத்தக் கொதிப்பிடமும் இந்தச் சிக்கனம் செல்லாது. வலி காட்டாமலே கண்ணையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் அரிக்கும் நோய்கள் அவை. ஆள் விழுந்த பிறகு முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு ஓட வேண்டும். துணைக்கு ஒருவர் போக வேண்டும். ஒரு நாளில் இரண்டு கூலி போய்விடும்.

மாத்திரைக்கு அவ்வளவு விலையா? இல்லை. சர்க்கரைக்குத் தரும் மெட்பார்மினும் கொதிப்புக்குத் தரும் அம்லோடிபினும் காப்புரிமை எப்போதோ முடிந்துபோன பழைய மருந்துகள். யாரும் தயாரிக்கலாம். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இவற்றைக் கம்பெனிப் பெயரில் வாங்குவதில்லை. மருந்தின் மூலப்பெயரில் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. அங்கே நமக்கு அது இலவசம். அதே மருந்து வெளிக்கடையில் பத்துப் பெயர்களில், பத்து விலைகளில் கிடைக்கும்.

இந்த மலிவும் சும்மா வந்ததில்லை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தர மறுத்தது. அதனால்தான் இந்தியக் கம்பெனிகள் குறைந்த விலையில் தயாரிக்க முடிந்தது. 2005இல் சட்டம் மாறியது. இரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கிற்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006இல் முதலில் மறுத்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏழை நாடுகள் பலவும் கவனித்த வழக்கு அது.

ஆக, சட்டம் இருக்கிறது, மருந்து இருக்கிறது. சிக்கல் கடைசி ஒரு மைல்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அந்த ஒரு மைலுக்காகவே வந்தது. சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வர வேண்டும். நல்ல திட்டம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் வீட்டில் யார் இருக்கிறார்கள்? காலை ஏழு மணிக்கு நடவுக்குப் போனவர் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போன குடும்பம் மாதக்கணக்கில் ஊரிலேயே இருக்காது. பதிவேட்டில் பெயர் இருக்கும், கையில் மாத்திரை இருக்காது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். மருந்து கொண்டுவருபவர் நம் தெருவுக்குள் வருகிறாரா, ஊர்த்தெருவில் உட்கார்ந்து ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறாரா? 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். சொல் போகட்டும். அந்தத் தெருவுக்கும் ஊருக்கும் நடுவே உள்ள தூரம் இன்னும் போகவில்லை.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை. அம்மா, தாத்தா போடும் மாத்திரை அட்டையைப் புரட்டிப் பாருங்கள். கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரும் எத்தனை மில்லிகிராம் என்பதும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதே மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உண்டா, 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலோ மக்கள் மருந்தகத்திலோ என்ன விலை என்று விசாரியுங்கள். மாற்றுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். சூளைக்குப் போகும் குடும்பம் மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோகட்டும். அங்குள்ள சுகாதார நிலையத்தில் காட்டலாம்.

அடுத்த கிராம சபையில் ஒரே ஒரு கேள்வி எழுப்புங்கள்: நம் தெருவில் சர்க்கரை, கொதிப்பு உள்ளவர்கள் எத்தனை பேர், போன மாதம் மாத்திரை கைக்கு வந்தது எத்தனை பேருக்கு? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.