அக்காவை விட உயரமா?

ஸ்பானிய மொழியைக் கற்கத் தொடங்கியபோது என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஆட்களை ஒப்பிடும் பாடந்தான். எமக்கு ‘விட’ என்ற ஒரு சொல் போதும். “கமலாவை விட மாலா உயரம்” என்போம். அவர்களோ பெயரடைக்கு முன்னே ‘மாஸ்’, பின்னே ‘கே’ வைக்கிறார்கள். ‘மரியா எஸ் மாஸ் அல்த்தா கே ஆனா’ என்றால் ஆனாவை விட மரியா உயரமானவள். குறைவென்றால் ‘மேனோஸ்... கே’, சமமென்றால் ‘தான்... கோமோ’.

‘அல்த்தா’ என்பது பெண்ணுக்கு. ஆணென்றால் ‘அல்த்தோ’. பத்துப் பெண்கள் நின்றால் ‘அல்த்தாஸ்’. அவர்களோடு ஓர் ஆண் வந்து சேர்ந்தால் போதும், இலக்கணப்படி எல்லோருமே ‘அல்த்தோஸ்’ ஆகிவிடுவார்கள்! பத்துப் பேரை ஒருவர் மறைத்துவிடுகிறார். இதை எதிர்த்து ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் பெண்கள் நெடுநாளாக வாதாடி வருகிறார்கள். 1713இல் தோன்றிய அரச ஸ்பானியக் கழகம் இவ்விதியை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் பெண்களைச் சுட்டும் ‘பலவீனமான பால்’ என்ற தொடர் இழிவுபடுத்தும் நோக்கில் வழங்குவது என்று, 2017இல் தனது அகராதியில் குறித்தது. அந்த அளவுக்காவது அசைந்ததே!

வயதைச் சொல்லும்போது கவனம் வேண்டும். ஒருவரைப் பார்த்து ‘மாஸ் வியேஹா’, அதாவது அதிகம் கிழவி, என்பது முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். ‘மயோர்’ என்பதே மரியாதை. இளையவருக்கு ‘மேனோர்’. இவ்விரண்டும் ஆண், பெண் பேதம் பார்ப்பதில்லை. உடன்பிறந்தவளைக் குறிக்கும் ‘எர்மானா’வோடும் இவற்றைச் சேர்த்தால்தான் மூத்தவளா இளையவளா என்பது தெரியும். அக்கா, தங்கை என்று பெயரிலேயே வரிசைப்படுத்திவிடும் எமக்கு இது விந்தைதான்.

நான் படித்த பயிற்சிப் புத்தகத்தில் பெண்களை ஒப்பிட்டதெல்லாம் யார் அழகி, யார் மெல்லியவள் என்றே. எமக்கும் இது புதிதல்ல. பெண் பார்க்க வருவோர் அக்காவையும் தங்கையையும் நிறத்தில் ஒப்பிடக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்!

அதனால் எனது கொப்பியில் வேறு வசனங்களை எழுதினேன். ‘மி மாத்ரே எஸ் மாஸ் த்ரபஹதோரா கே யோ’: அம்மா என்னை விட உழைப்பாளி. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாம் ‘என்னை விட’ என்கிறோம். அவர்கள் ‘என்னை’ என்று சொல்லாமல் ‘நான்’ எனப் பொருள்படும் ‘யோ’வையே வைக்கிறார்கள்.