குற்றவாளி டிரைவர் அல்ல
நெட்வொர்க் கார்டு ஊமையாகிவிட்டால் உடனே தூக்கி எறியலாமா? 2008-ல் லினக்ஸ் உலகைக் கலக்கிய ஒரு துப்பறியும் கதை திருப்பதி, சித்தூர் சர்வீஸ் கடைகளுக்கும் பாடம் சொல்கிறது.

திருமலை ஏழுமலையானைத் தரிசிக்க ரூ.300 டிக்கெட்டை ஆன்லைனில் எடுக்க, ஒவ்வொரு மாதமும் நாடு முழுவதும் பக்தர்கள் கம்ப்யூட்டர் முன் காத்திருக்கிறார்கள். திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே உள்ள காதங்கி கிராமத்தில் காத்திருப்பவர்கள் விஞ்ஞானிகள். அங்கே தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் 1,024 ஆன்டெனாக்கள் கொண்ட ரேடார், தலைக்கு மேல் பல கி.மீ. உயரத்தில் வீசும் காற்றை அளக்கிறது. பக்தியோ விஞ்ஞானமோ, தகவல் கம்ப்யூட்டருக்குள் வரவும் வெளியே போகவும் கடக்க வேண்டிய வாசல் ஒன்றுதான்: நெட்வொர்க் கார்டு.

அந்த வாசல் திடீரென மூடிக்கொண்டால்? நேற்றுவரை ஒழுங்காக ஓடிய இயந்திரம். இரவில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் புதுப்பிக்கப்பட்டது. காலையில் இணைப்பு இல்லை. சர்வீஸ் கடையில் பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு: "கார்டு போச்சு, மாத்திடுங்க." கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால், "டிரைவர் கோளாறு" என்பார். இரண்டுமே தவறாக இருக்கலாம்.

டிரைவர் என்பது ஒரு தரகர். சித்தூர் வெல்ல மண்டியில் தமிழும் தெலுங்கும் அறிந்தவர் இரு தரப்புக்கும் நடுவே நின்று பேரத்தை முடிப்பதுபோல, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்கும் கார்டுக்கும் இடையே பேச்சு நடத்துவது இந்தச் சிறு புரோகிராம்தான். பேரம் முறிந்தால் முதல் சந்தேகம் தரகர் மீது விழுவது இயல்பு. 2008-ல் நடந்ததும் அதுதான்.

சாவைத் தந்த சாஃப்ட்வேர்

அந்த ஆண்டு செப்டம்பரில் லினக்ஸ் கெர்னலின் 2.6.27 பதிப்பு வெளியீட்டுக்கு முந்தைய சோதனையில் இருந்தது. சோதித்தவர்களிடமிருந்து விசித்திரமான புகார்கள் வந்தன. இன்டெல் நிறுவனத்தின் 82566, 82567 வகை நெட்வொர்க் சிப்கள் செயலிழந்தன. பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும் உயிர் வரவில்லை. சாதாரணமாக சாஃப்ட்வேர் தவறு செய்தால், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். இங்கே சாஃப்ட்வேர் ஹார்டுவேரையே பதம் பார்த்திருந்தது.

கார்டின் அடையாள எண்ணும் அமைப்பு விவரங்களும், மின்சாரம் நின்றாலும் அழியாத ஒரு சின்ன நினைவகத்தில் இருக்கின்றன. அதில்தான் குப்பை எழுதப்பட்டிருந்தது. கூட்டுத்தொகை சரிபார்ப்பில் கணக்கு உதைத்ததால், கார்டை ஏற்கவே டிரைவர் மறுத்தது. மதர்போர்டிலேயே பதிந்த சிப் என்பதால் கழற்றி மாற்றவும் வழியில்லை.

பழி 'இ1000இ' என்ற இன்டெல் டிரைவர் மீது விழுந்தது. அந்த நினைவகத்தில் எழுதும் வழி அறிந்தது அதுதானே? வெளியாகவிருந்த உபுண்டு 8.10 பதிப்பில் அந்த டிரைவர் தற்காலிகமாக நீக்கப்பட்டது. சூசே, ஃபெடோரா, மாண்ட்ரீவா ஆகியவற்றின் சோதனைப் பதிப்புகளும் சிக்கலில் மாட்டின. திரையைக் கவனிக்கும் கிராபிக்ஸ் டிரைவர் மீதும் சந்தேகம் பாய்ந்தது.

இன்டெல் பொறியாளர்கள் டிரைவரை அலசி, அந்த நினைவகத்தில் யாரும் எழுத முடியாதபடி பூட்டுப் போட்டார்கள். அக்டோபர் 9-ல் 2.6.27 பூட்டுடன் வெளிவந்தது. திருட்டு நின்றது. ஆனால் திருடன் யார் என்பது இன்னும் தெரியவில்லை.

அகப்பட்டது எப்படி?

கெர்னலின் அம்சங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, சோதனை இயந்திரங்களைப் பலி கொடுத்து, ஆட்கள் தேடினார்கள். கடைசியில் கை நீண்ட இடம், நெட்வொர்க்குக்குச் சம்பந்தமே இல்லாத 'எஃப்டிரேஸ்'. கெர்னலுக்குள் எந்தக் கட்டளைத் தொகுப்பு எப்போது இயங்குகிறது என்று கண்காணிக்கும் வசதி அது. ரெட் ஹேட் நிறுவனத்தின் ஸ்டீவன் ரோஸ்டெட் உருவாக்கியது. கோளாறுகளைக் கண்டுபிடிக்கப் பிறந்த கருவியே கோளாறாகியிருந்தது.

நடந்தது இதுதான். எஃப்டிரேஸ் தான் திருத்த வேண்டிய இடங்களின் முகவரிகளைக் குறித்துவைத்து, சற்றுப் பொறுத்துத் திருத்தும். ஆனால் சில கட்டளைகள் தொடக்கத்தில் ஒருமுறை மட்டுமே தேவை. வேலை முடிந்ததும் அவை இருந்த இடத்தைக் கெர்னல் காலி செய்து வேறு பயனுக்குக் கொடுத்துவிடும். அப்படிக் காலியான ஒரு முகவரிக்குக் குடிவந்தது, இன்டெல் கார்டின் நினைவக வாசல். பழைய குறிப்பை நம்பி எஃப்டிரேஸ் அந்தக் கதவைத் தட்டியது.

அதற்கும் ஒரு பாதுகாப்பு இருந்தது. "எதிர்பார்த்த மதிப்பு இருந்தால் மட்டும் மாற்று, இல்லாவிட்டால் விட்டுவிடு" என்பதே புராசஸருக்கு இடப்பட்ட கட்டளை. ஆனால் இந்தக் கட்டளையில், மதிப்பு பொருந்தாவிட்டாலும் புராசஸர் பழைய மதிப்பையே திரும்ப எழுதிவைக்கும். சாதாரண மெமரியில் இதனால் பாதகம் இல்லை. ஒரு சாதனத்தின் வாசலிலோ, எதை எழுதினாலும் அது உத்தரவு. கார்டு கீழ்ப்படிந்தது, தன் நினைவகத்தைத் தானே கெடுத்துக்கொண்டது.

அக்டோபர் 15-ல் வந்த 2.6.27.1 பதிப்பு எஃப்டிரேஸின் அந்தப் பகுதியை முடக்கியது. டிசம்பரில் வெளியான 2.6.28-ல் அது வேறு முறையில் திருத்தி எழுதப்பட்டிருந்தது. இ1000இ குற்றமற்றது என்று நிரூபணமானது.

பழுது மேஜைக்குப் பாடம்

இத்தகைய மர்மம் தினமும் நேர்வதில்லை. அன்றாடம் வருபவை எளிய கோளாறுகள். ஆனால் விசாரிக்கும் ஒழுங்கு ஒன்றுதான்.

முதல் கேள்வி: கார்டு இருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரிகிறதா? லினக்ஸில் 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளை, பொருத்தப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் தரும். கார்டின் பெயர் அதில் இல்லாவிட்டால், கார்டு, அது செருகிய இடம், பயாஸ் அமைப்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். பெயர் இருந்தால் கார்டைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம்.

அடுத்தது, கெர்னல் என்ன சொல்கிறது? 'டிமெஸ்ஜி' என்ற கட்டளை அதன் நாட்குறிப்பைத் திறந்து காட்டும். 'ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை' என்ற ஒரு வரி அங்கேயே இருக்கலாம். தேவையான கோப்பை நிறுவினால் கதை முடிந்தது. மலிவு மதர்போர்டுகளில் பரவலாக இருக்கும் ரியல்டெக் சிப்களுக்கு, தயாரிப்பாளர் தரும் டிரைவரைத் தனியாக நிறுவியவர்கள் உண்டு. அது பழைய கெர்னலுக்காகத் தொகுக்கப்பட்டது. கெர்னல் மாறினால் மறுபடி தொகுக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டு ஊமை.

மூன்றாவது, முந்தைய கெர்னலில் இயக்கிப் பார்ப்பது. பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகள் பழைய கெர்னலையும் விட்டுவைக்கின்றன. அதில் கார்டு வேலை செய்தால் ஹார்டுவேர் நல்லபடி இருக்கிறது; வாடிக்கையாளரின் பணம் மிச்சம்.

நான்காவதுதான் 2008 தந்த பாடம். 'ஈத்டூல்' என்ற கருவி, கார்டின் நினைவகத்தில் உள்ளதைப் படித்துக் காட்டும். கார்டு நலமாக இருக்கும்போதே அந்த நகலை எடுத்துவைக்கும்படி அன்று அறிவுறுத்தினார்கள். கெட்டுப்போன கார்டை மீட்க அந்த நகல்தான் ஆதாரம். ஆனால் அதே கருவியால் அந்த நினைவகத்தில் எழுதவும் முடியும் என்பதால், தெரியாமல் கை வைப்பது ஆபத்து.

வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 2015-ல் வந்த ஐ.ஐ.டி. என்று திருப்பதியில் கம்ப்யூட்டர் படிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. லினக்ஸ் கெர்னலின் ஒவ்வொரு வரியும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே இருக்கிறது. எஃப்டிரேஸ் அகப்பட்டதும் அதனால்தான்: இன்டெல், லினக்ஸ் நிறுவனங்கள், தன்னார்வலர்கள் என்று பலரும் ஒரே மூலநிரலைப் பார்த்துத் தேடினார்கள். சித்தூரில் ஒரு மேஜையில் கிடக்கும் ஊமைக் கார்டுக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. புதிய கார்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன், நாட்குறிப்பை ஒருமுறை படித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.