பதினொரு பேரைத் தேடாதீர்கள்

சின்ன உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கால்பந்து தொடங்கப்போகிறோம் என்று சொன்னால், கேட்கிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். கிரவுண்டு இருக்கா? காசு இருக்கா? நல்லா ஆடுற பிள்ளைங்க இருக்காங்களா? முதல் இரண்டுக்கும் எப்படியாவது வழி பிறந்துவிடும். மூன்றாவது கேள்வியை மட்டும் மனதுக்குள் ஏற்றிக்கொள்ளக் கூடாது. சிவகங்கை மாவட்டத்தில், ஆறு முதல் பத்து வரை மொத்தமே நூற்றைம்பது பிள்ளைகள் படிக்கிற அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் அங்கே கால்பந்து தொடங்கிய அனுபவத்தில் சொல்கிறேன். பெரிய பள்ளிகளைப் பார்த்து, பிள்ளைகளை ஓடவிட்டு, உதைக்கவிட்டு, பதினொரு பேரைப் பொறுக்கி எடுத்தால் சின்னப் பள்ளியில் ஆட்டம் ஒரு வருடம்கூடத் தங்காது.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் பேர் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் பதினொரு பேரை எடுத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பினாலும் அடுத்த ஜூனில் புது ஆட்கள் வருவார்கள். எங்களிடம் எட்டு, ஒன்பது, பத்து மூன்று வகுப்பையும் சேர்த்தால் பையன்கள் நாற்பதுக்குப் பக்கம். பெண்பிள்ளைகளும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த நாற்பதுக்குள்தான் கபடி, வாலிபால், கோகோ எல்லாம். சாயங்காலம் மணி அடித்ததும் ஆட்டைப் பத்திக்கொண்டு வர ஓடுகிற பையனும் அதில் ஒருவன், தங்கச்சியைப் பால்வாடியிலிருந்து கூட்டிப் போகிற பெண்ணும் அதில் ஒருத்தி. இவர்களில் முப்பது பேரிடம் 'நீ வேண்டாம்' என்று சொல்லிவிட்டால், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து மூத்த பிள்ளைகள் வெளியேறியதும் அணியே காலியாகிவிடும்.

அதனால் முதல் வருடம் செலக்‌ஷன் கிடையாது. வருகிற எல்லோருக்கும் ஆட்டம் உண்டு என்பதுதான் எங்கள் ஏற்பாடு. மைதானத்தை முப்பது மீட்டருக்கு இருபது மீட்டர் அளவில் சின்னச் சின்னக் களங்களாகப் பிரிக்கிறோம். பக்கத்துக்கு நாலு பேர். கோலுக்கு இரண்டு செங்கல். கோல்கீப்பர் இல்லை. பத்து நிமிடம் ஆடி, அணியைக் கலைத்து, வேறு அணியோடு மறுபடி பத்து நிமிடம். பதினொருவர் ஆட்டத்தில் ஓரத்தில் நிற்கும் புதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் ஒருமுறைகூடக் காலில் பந்து படாமல் போகலாம். நாலு பேர் ஆட்டத்தில் அவளிடம் பந்து வந்துகொண்டே இருக்கும். நிறுத்துவதும் திருப்புவதும் கொடுப்பதும் அவள் பொறுப்பு. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளும் சிறுவர்களை இப்படிச் சின்னக் களத்தில், குறைந்த ஆட்களோடுதான் வளர்க்கின்றன. அவர்கள் தேடி ஏற்படுத்திக்கொள்கிற நிலைமை எங்களுக்குத் தானாகவே வாய்த்திருக்கிறது.

தொடக்கத்தில் பிள்ளைகள் கலைந்த தேனீக்கூட்டம்போல் பந்து போகிற பக்கமெல்லாம் மொய்ப்பார்கள். வெளியே நின்று 'தள்ளி நில்லு, தள்ளி நில்லு' என்று கத்திப் பலனில்லை. கோல் செல்லவேண்டுமானால் அதற்கு முன்னால் மூன்று பேர் காலிலாவது பந்து பட்டிருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தேன். சில வாரத்தில் அவர்களாகவே விலகி நின்று 'இங்க, இங்க' என்று பந்து கேட்கத் தொடங்கினார்கள். ஆஃப்சைடு விதியை அதற்குப் பிறகுதான் சொல்லிக்கொடுத்தேன். தன் அணி பந்தை ஆடும் நொடியில், எதிரணிப் பாதியில், பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிராளியையும் தாண்டி நிற்பவர் அந்த ஆட்டத்தில் தலையிடக் கூடாது என்பது விதி. பந்து கொடுத்து வாங்கப் பழகாத பிள்ளைக்கு இதைப் பலகையில் படம் போட்டு விளக்குவது வீண் வேலை.

இனி மைதானம். எங்கள் பக்கத்துப் பள்ளி மைதானங்களுக்குப் பெரும் பகை சீமைக் கருவேலம். ஊராட்சித் தலைவரிடம் சொல்லி ஜே.சி.பி. வைத்துச் சுரண்டினாலும் முள் மண்ணுக்குள் கிடக்கும், மழை பெய்தால் மேலே வரும். பிள்ளைகள் கை கோத்து வரிசையாக மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து முள் பொறுக்குவது எங்கள் பயிற்சியிலேயே ஒரு பகுதி. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்தால் மைதானத்தில் பாதி சேறு. அந்த நாட்களில் சிமென்ட் தளத்தில் சுவரோடு பந்து தட்டிப் பழகுவோம்.

கோடு போடப் பலரும் சுண்ணாம்புத் தூளைக் கொட்டுகிறார்கள். அது வேண்டாம். விழுந்து உரசிய முழங்காலில் பட்டாலும் கண்ணில் பட்டாலும் பொத்துவிடும். கல் மாவுக் கோலப்பொடி போதும், எங்கள் பெண்பிள்ளைகள் நூல் பிடித்ததுபோல் கோடு இழுப்பார்கள். கோல் போஸ்ட்டுக்குச் சவுக்குக் கட்டை. முழு அளவு என்றால் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். கட்டையை ஆழமாகக் குழி தோண்டி நட்டு, கல் போட்டு இறுக்க வேண்டும். யாராவது நல்ல மனதோடு இரும்புப் போஸ்ட் செய்து தந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் தரையோடு பிணைக்காமல் சும்மா நிறுத்தக் கூடாது. குறுக்குக் கம்பியில் தொங்கி விளையாடிய குழந்தைகள் மேல் போஸ்ட் சாய்ந்து உயிர்போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

பந்து விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. பன்னிரண்டு வயதுக்கு மேல் ஐந்தாம் நம்பர் பந்து. சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். ஆறாம் வகுப்புச் சின்னதுகளுக்கு நாலாம் நம்பர். ஜலந்தரிலும் மீரட்டிலும் தைத்து வரும் பந்துகளே நம் கடைகளில் அதிகம். ஒரு பள்ளிக்கு ஒரு பந்து என்றால் நாற்பது பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், நாலு பேருக்கு ஒன்றாவது வேண்டும். காற்றடிக்கும் ஊசியை ஈரப்படுத்தாமல் சொருகினால் வால்வு கிழிந்து, நல்ல பந்தும் பீரோ மேல் போய் உட்கார்ந்துவிடும்.

பூட் இல்லாமல் ஆடலாமா என்று கேட்கிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, பிரான்சிடம் 2-1 என்றுதான் தோற்றார்கள். 1952-ல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று விழுந்த பிறகு பூட் கட்டாயமானது. பழகும்போது மண் தரையில் வெறுங்கால் குற்றமில்லை. பூட் போட்ட எதிராளியோடு மோதும்போது அது ஆபத்து. போட்டி விதிப்படி ஷின் பேடும் வேண்டும். எல்லா வீட்டிலும் வாங்கச் சொல்ல முடியாது. அதனால் பள்ளிக்கே சொந்தமாக அளவுவாரியாக பூட் வைத்திருக்கிறோம், போட்டி நாளில் மாற்றி மாற்றிப் போடுவார்கள். சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு விளையாட்டுப் பொருட்களுக்கென ஆண்டுக்கு ரூ.25,000 வரை தர விதி உண்டு. அது கேரம் போர்டாகவும் ஸ்கிப்பிங் கயிறாகவும் மட்டும் முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது தலைமையாசிரியர் கையில் இருக்கிறது.

காசைவிடப் பெரிய நெருக்கடி நேரம். வாரத்தில் இருக்கிற இரண்டு பி.டி. பீரியடையும் 'போர்ஷன் முடியல' என்று கடன் கேட்பார்கள். அதை விட்டுக்கொடுக்கக் கூடாது, கனிவாகவே மறுக்கலாம். சாயங்காலப் பயிற்சியை டவுன் பஸ்தான் முடிவு செய்கிறது. கடைசி பஸ்ஸை விட்டால் ஒரு பெண்பிள்ளை வீடு போய்ச் சேர இருட்டிவிடும், மறுநாள் அவள் வர மாட்டாள். அதனால் நாங்கள் காலையில் பழகுகிறோம். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. என் பிள்ளைகளில் பலர் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள். பசியோடு ஓடினால் மயங்கி விழுவார்கள் என்பதால், ஊற வைத்த நிலக்கடலையும் வாழைப்பழமும் கொடுத்த பிறகே பந்தை எடுக்கவிடுகிறேன். பழைய மாணவர் ஒருவர் தன் மளிகைக் கடையிலிருந்து கடலை அனுப்புகிறார்.

பெண்பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டியிருந்தது. "டீச்சர், பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்? கால் கை ஒடிஞ்சா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் ஒரு தகப்பனார். "ஒருநாள் வந்து பாருங்கண்ணே, பிறகு சொல்லுங்க" என்றேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டு அப்பத்தா திண்ணையிலிருந்து பேசினார்: "டீச்சரம்மா, முன்னெல்லாம் இவளச் சாப்பிட வைக்கக் கெஞ்சணும். இப்ப வந்ததும் சோறு கேக்குறா. ஓடட்டும் விடுங்க." அதற்கு மேல் நான் பேசத் தேவை இருக்கவில்லை. முழுக்கை டி-ஷர்ட், டிராக் பேன்ட் என்று பிள்ளைகளுக்குக் கூச்சமில்லாத உடையையே அணி உடையாக்கினோம். மாதவிடாய் நாட்களில் வரலாமா கூடாதா என்பதை அவரவர் உடம்பைப் பொறுத்து அவர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பதில் தவறே இல்லை. இந்திய அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரானவர். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஆனால் அந்தப் பலன் பெரிய போட்டிகளில் பதக்கம் வாங்குகிற சிலருக்கே போய்ச் சேரும். நாற்பது வீட்டுக்கும் அந்த ஆசையைக் காட்டுவது நியாயமில்லை. உங்கள் பெண் தைரியமாக ஓடுவாள், நாலு பேரோடு சேர்ந்து தோற்கவும் ஜெயிக்கவும் பழகுவாள் என்பதை மட்டும் நான் உறுதியாகச் சொல்கிறேன்.

அந்தத் தகப்பனார் பயந்த காயத்துக்கு வருகிறேன். ஃபிஃபா ஆய்வாளர்கள் '11+' என்று ஒரு வார்ம்-அப் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். ஓட்டம், உடலை வலுவாக்கும் பயிற்சி, ஒற்றைக் காலில் சமநிலை, குதித்துச் சரியாகத் தரையிறங்குவது என்று பதினைந்து பயிற்சிகள், இருபது நிமிடம். ஒரு பந்தைத் தவிர எந்தச் சாமானும் வேண்டாம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகள் 1,892 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. இந்த முறையைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. முழங்கால் தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு அதிகம் என்பதால் அவர்களுக்கு இது அவசியம். தாமதமாக வந்த பிள்ளையும் இதை முடித்துவிட்டுத்தான் களத்துக்குள் வரலாம். தலையால் முட்டுவதையும் நான் அவசரப்பட்டுச் சொல்லிக்கொடுப்பதில்லை. அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2015-ல் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு அதைத் தடை செய்தது, 11 முதல் 13 வயதுவரை பயிற்சியில் அளவு வைத்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் காலே போதும்.

போட்டிக்கு வருவோம். பள்ளி விளையாட்டில் முதல் படி குறுவட்டப் போட்டி. அங்கே ஜெயித்தால் மாவட்டம், பிறகு மாநிலம். பதினான்கு, பதினேழு, பத்தொன்பது என வயதுப் பிரிவுகள். பத்தாம் வகுப்போடு முடிகிற எங்களுக்கு முதல் இரண்டே போதும். விமானப்படை நடத்தும் சுப்ரதோ கோப்பை 1960 முதல் பள்ளிகளுக்கென்றே இருக்கிறது. புதுப் பள்ளிக்கு அது தூரத்து வெளிச்சம், ஆனாலும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லி வைக்கிறேன்.

எங்கள் பெண்பிள்ளைகளின் முதல் குறுவட்டப் போட்டி ஆடி மாதத்தில் வந்தது. ஊரில் முளைப்பாரி போட்டு, காப்புக் கட்டியிருந்த நேரம். விரதம் இருந்த வீட்டுப் பிள்ளைகளை அனுப்பவில்லை, அவர்களை நான் வற்புறுத்தவும் இல்லை. ஒன்பது பேரோடு போனோம். ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்று விதி இருப்பதால் ஆடினோம். ஏழு கோல் வாங்கித் தோற்றோம். ஆனால் அந்த ஒன்பது பேரில் மூன்று பேர், செலக்‌ஷன் வைத்திருந்தால் நான் எடுத்திருக்கவே மாட்டாத பிள்ளைகள். எல்லோரையும் ஆட வைத்திருந்ததால்தான் அன்று அணி என்று ஒன்று களத்தில் இறங்கியது. அவர்களில் ஒருத்தி இப்போது எங்கள் கோல்கீப்பர். யாரும் விரும்பாத அந்த இடத்தில் எல்லோரையும் முறை வைத்து நிறுத்தியபோது வெளிப்பட்ட பெண் அவள்.

தமிழ்நாட்டில் கால்பந்து வேரூன்றிய இடங்களைக் கவனித்தால் இது புரியும். கன்னியாகுமரி மாவட்டத்து மீனவ ஊர்களில் கடற்கரை மணலில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஆடுகிறார்கள், அந்தக் கூட்டத்திலிருந்துதான் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் வந்தார். வியாசர்பாடியிலிருந்து நந்தகுமார் சேகர் வந்தார். எங்கள் மாவட்டத்துக் கண்டனூரிலிருந்து சிவசக்தி நாராயணன் பெங்களூரு எஃப்.சி. வரை போனார். 2018-ல் மணிப்பூரை இறுதிப் போட்டியில் தோற்கடித்துத் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியக் கோப்பையை வென்றார்கள், 2023-ல் மறுபடியும் வென்றார்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. என் பிள்ளைகள் இந்தப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

உங்கள் ஊரில் ஒரு சின்ன உயர்நிலைப் பள்ளி இருந்தால், நீங்கள் அங்கே படித்தவரானால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். முடிந்தால் பத்துப் பந்து வாங்கிக் கொடுங்கள், ஒருநாள் டிராக்டர் அனுப்பி மைதானத்தைச் சமன் செய்து கொடுங்கள். கொடுக்கும்போது தலைமையாசிரியரிடமும் பி.டி. ஆசிரியரிடமும் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: பந்து பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது, ஆட வருகிற எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது.