மலை தரும் முன்னறிவிப்பு

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடி என்னும் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு இருந்தது. அங்கு வாழ்ந்தோருள் பெரும்பாலோர் தமிழர். பல தலைமுறைகளுக்கு முன் பிழைப்புக்காக மலையேறிச் சென்றோரின் வழிவந்தவர்கள். தொழிலாளர்க்கென வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளை அங்கு ‘லயம்’ என்பர். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, பெருமழையின்போது அந்த லயங்கள் மீது நிலச்சரிவு பாய்ந்தது. 70 பேர் உயிரிழந்தனர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்தமையால், மறுநாள் காலையில்தான் செய்தி வெளியுலகை எட்டியது.

அம்மண் லயங்களின் பின்புறத்திலிருந்து பெயர்ந்ததன்று. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், மலையின் மேற்பகுதியில் பெயர்ந்து, நீரோடும் வழியே பாறைகளை உருட்டிக்கொண்டு வந்தது. ஓர் ஓடைக்கு மழைநீரைத் திரட்டித் தரும் நிலப்பரப்பு முழுவதையும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். வீட்டை ஒட்டிய சரிவு உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. நமக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியின் நிலையையும் அறிய வேண்டும்.

சரிவு ஏன் பெயர்கிறது?

ஒரு தட்டில் உலர்ந்த மணலைக் குவித்துப் பாருங்கள். ஓரளவு சாய்வுக்கு மேல் குவியல் செங்குத்தாக நில்லாது. சிறிது நீர் தெளித்தால் மணல் ஒட்டிக்கொண்டு நிற்கும். மேலும் மேலும் நீர் ஊற்றினால் குவியல் குழைந்து அமர்ந்துவிடும்.

மலைச்சரிவிலும் இதுவே நிகழ்கிறது. புவியீர்ப்பு விசை மண்ணைக் கீழே இழுக்கிறது. மண்துகள்களுக்கு இடையேயுள்ள உராய்வும் பிணைப்பும், மரங்களின் வேர்களும் அதனைப் பிடித்து நிறுத்துகின்றன. தொடர்மழையில் துகள்களின் இடைவெளிகள் எல்லாம் நீரால் நிறையும்போது, அந்நீரின் அழுத்தம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகிறது. அதனால் உராய்வு குறைகிறது. மண்ணின் எடையோ கூடுகிறது. இழுக்கும் விசை, தாங்கும் விசையை விஞ்சும் கணத்தில் சரிவு பெயர்கிறது.

முன்னறிவது எவ்வாறு?

எந்தச் சரிவு எந்த நிமிடத்தில் பெயரும் என்று துல்லியமாகக் கூற இயலாது. ஆனால், எப்பகுதியில், எந்நாட்களில் ஆபத்து மிகுதி என்று கூற இயலும். சாய்வு, பாறை, மண், பழைய சரிவுகளின் தடம் ஆகியவற்றை ஆராய்ந்து வரைபடம் வரைகின்றனர். முந்தைய நாட்களில் பெய்த மழையையும், இனிப் பெய்யக்கூடிய மழையையும் அதனுடன் இணைத்துப் பார்க்கின்றனர். 1851-இல் தொடங்கப்பெற்ற இந்தியப் புவியியல் ஆய்வு மையம், 2024 சூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தை நிறுவியது. டார்ஜிலிங், கலிம்போங், நீலகிரி ஆகிய மாவட்டங்கள் முதலில் பயன்பெற்றவற்றுள் அடங்கும். மூணாற்றிலும் காங்டாக்கிலும் மண்ணுக்குள் புதைத்த உணரிகள் நீரின் அழுத்தத்தையும் சிறு அசைவையும் அளந்து வருகின்றன.

கருவிகள் இல்லாத இடத்திலும் மலை சில அடையாளங்களைக் காட்டும். தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்புகள் தோன்றும். மரங்களும் மின்கம்பங்களும் சாயும். கதவுகள் திடீரெனப் பொருந்தாமற் போகும். புதிய இடங்களில் ஊற்று கசியும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடை வற்றினால், மேலே மண் சரிந்து நீரைத் தடுத்திருக்கலாம். அத்தடுப்பு உடைந்தால் வெள்ளம் சேறும் பாறையுமாகப் பாயும். அப்போது ஓடைக்கரையை விட்டு உடனே பக்கவாட்டில் மேடான இடத்திற்கு விலகிச் செல்ல வேண்டும்.

சரிவைக் காத்தல்

சரிவைக் காப்பதன் முதற்படி, நீருக்கு வழிவிடுவதாகும். இயற்கையான ஓடைகளை அடைத்து வீடு கட்டலாகாது. வடிகால்களைத் தூர்வார வேண்டும். தடுப்புச்சுவர் எழுப்பினால் நீர் வடியத் துளைகள் விட வேண்டும். இல்லையேல் தேங்கிய நீரே சுவரைத் தள்ளிவிடும். சாலைக்காகச் சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டுவது, மேலுள்ள மண்ணின் தாங்கலைப் பறிப்பதாகும். மேட்டு நிலத்துக் காடுகளையும் புல்வெளிகளையும் காக்க வேண்டும். வெட்டிவேர் போன்ற ஆழ வேரூன்றும் புற்கள் மேல்மண்ணைப் பிணைக்கும். ஆயினும் ஆழத்தில் நிகழும் பெருஞ்சரிவை அவற்றால் மட்டும் தடுக்க இயலாது.

மாணவர்களே! பனிமூடிய பகுதிகள் நீங்கலாக, நம் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 12.6 விழுக்காடு நிலச்சரிவுக்கு உட்படக்கூடியது. நிலச்சரிவை இந்தியில் ‘பூஸ்கலன்’ என்பர். நேபாளியில் ‘பஹிரோ’ என்பர். மலையாளத்தில் ‘உருள்பொட்டல்’ என்பர். எச்சரிக்கை பெரும்பாலும் அவ்வவ்வூர் மொழியிலேயே வரும். உங்கள் வீட்டிலுள்ள பாட்டிக்கோ தாத்தாவுக்கோ அம்மொழி தெரியாதிருக்கலாம். இரு மொழியும் அறிந்த நீங்களே அதனைத் தமிழில் எடுத்துரைக்க வேண்டும். முன்னறிவிப்பு, கேட்பவருக்குப் புரிந்தால்தான் உயிரைக் காக்கும்.

சிந்தித்து எழுதுக

1. மண்ணில் நீர் நிறையும்போது உராய்வு குறைவது ஏன்?
2. மழையின்போது ஓடை திடீரென வற்றுவது எதனை உணர்த்தும்?
3. நீங்கள் வாழும் ஊரின் மொழியில் வந்த எச்சரிக்கை ஒன்றைத் தமிழில் மூன்று தொடர்களில் எழுதுக.